டீ போடப் போகிற நேரம்

எங்கள் கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. யாரும் யாரிடமும் செடி கேட்கக் கூடாது. கேட்டாலும் கொடுக்கக் கூடாது. பிடித்திருந்தால் திருடிக்கொள்ள வேண்டும்.

மணி பிளான்ட்டைத் திருடி வைத்தால்தான் தழைக்கும் என்று எங்கள் இலுப்பூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவன். இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. ஆனால் மனைவி போன பிறகு எனக்குக் கிடைத்த சிரிப்பெல்லாம் இந்த ஒரு நம்பிக்கையால் கிடைத்ததுதான். அதை என் கையாலேயே கெடுத்துக்கொண்டேன். கெட்டது என் சந்தோஷம் மட்டும் என்றால் எழுத வேண்டிய அவசியம் இல்லை. என் அக்காவுடையதும் கெட்டது.

அக்கா என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். கணவர் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. மகன் குவைத்தில் வேலை பார்க்கிறான். அக்காவும் மருமகளும் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தார்கள். என் மனைவியின் காரியங்கள் முடிந்து, சிங்கப்பூரிலிருந்து வந்த என் மகனும் திரும்பிப் போன பிறகு, ஒரு நாள் காலையில் அக்கா வந்தாள். கையில் ஒரு பழைய காப்பித்தூள் பாட்டில். பாட்டிலில் தண்ணீர், தண்ணீருக்குள் மூன்று இலையோடு ஒரு கொடித்துண்டு.

"என்னக்கா இது?"

"பாத்தாத் தெரியல? செடி."

"எனக்கு எதுக்கு?"

"இந்த வீட்டுல ஒன்னத் தவிர உசுரோட ஒண்ணும் இல்ல. நீயும் இருக்கியான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு. அதான்."

ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள். எங்கே வாங்கினாய் என்று கேட்டேன்.

"இத யாராச்சும் வாங்குவாங்களா? சர்க்கார் ஆபீஸ் சன்னல்ல தொங்கிக்கிட்டு கெடந்துச்சு. கிள்ளிக்கிட்டு வந்தேன்."

"கவர்மெண்ட் சொத்துக்கா அது."

"அதான் இப்புடிக் கொழுகொழுன்னு இருக்கு."

அன்றைக்குத்தான் பல நாளைக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தேன்.

பாட்டில் ஒன்று நாலாயிற்று. பிறகு மண்தொட்டிகள் வந்தன. வாசல் போர்டிகோ நிறைந்தது. எதிர்வீட்டு பாய் ரியாத்தில் ஒரு பெரிய ஓட்டலில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்து தங்கியவர். அந்த ஓட்டலில் வரவேற்பறைச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதும் அவர் வேலையில் ஒன்றாம். அவர் வீட்டு மாடிப்படி முழுக்கப் பாம்புச்செடி வைத்திருந்தார். அடுத்த தெருவில் ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர் குரோட்டன்ஸ் வளர்த்தார். கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருப்பவர் எதை வைத்தாலும் பட்டுப்போகும். ஆனால் ஆசை மட்டும் எங்கள் எல்லோரையும்விட அவருக்குத்தான் அதிகம். நாங்கள் நால்வரும் அக்காவும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவது என்று ஆயிற்று. போனில் ஒரு குரூப்பும் தொடங்கினார் பாய். அதற்குப் பெயர் 'பச்சைத் திருடர்கள்'. அக்காவிடம் இருந்தது பட்டன் போன். அதனால் அவளுக்குப் பதிலாக மருமகளைக் குரூப்பில் சேர்த்திருந்தோம்.

திருட்டு நடக்கிற முறையைச் சொல்ல வேண்டும். எல்லோரும் வந்து உட்கார்ந்து, யார் வீட்டில் எது துளிர்த்தது, எது அழுகியது என்று பேசி முடித்ததும் வீட்டுக்காரர் எழுந்திருப்பார். "டீ போட்டுட்டு வாரேன்" என்று கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டு உள்ளே போவார். அவ்வளவுதான். அவர் திரும்பி வருவதற்குள் எடுக்கிறவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்காரர் எதையும் பார்த்திருக்கக் கூடாது. பார்த்தால் அந்தச் செடி பிடிக்காது. பாய், டம்ளர்களோடு வெளியே வருவதற்கு முன்னால் இரண்டு தடவை இருமுவார்.

"எதுக்கு பாய் இருமுறீங்க?"

"திருடங்களுக்கும் ஒரு மரியாத குடுக்கணும்ல சார்."

மருந்துக்கடைக்காரர் ஒரு தடவை அவசரத்தில் டீச்சரம்மா வீட்டுத் தொட்டியையே தூக்கிக்கொண்டு போய் ஸ்கூட்டரில் வைத்துவிட்டார். அடுத்த வாரம் பஞ்சாயத்து நடந்தது. "கொழுந்தத்தான் திருடலாம், தொட்டியத் திருடக்கூடாது. நான் டீ போடப் போறப்ப எனக்குத் தெரியாமக் கொண்டாந்து வச்சிரணும்" என்று தீர்ப்புச் சொன்னார் டீச்சரம்மா. அவரும் அப்படியே வைத்தார். வைக்கும்போது பயத்தில் கை நழுவித் தொட்டி உடைந்தது. உள்ளே டீச்சரம்மா சிரிப்பை அடக்க முடியாமல் பாலைப் பொங்கவிட்டுவிட்டார்.

எங்களில் தேர்ந்த திருடி அக்காதான். பேச்சு ஒரு பக்கம் போய்க்கொண்டே இருக்கும். அவள் கை அசைந்ததை யாரும் பார்த்ததில்லை. கிள்ளிய கொழுந்து முந்தானை மடிப்புக்குள் போயிருக்கும். போகிற வீட்டிலெல்லாம் தொட்டி மண்ணில் விரலை விட்டுப் பார்ப்பாள். "இன்னும் ஈரம் இருக்கு, ஊத்தாதீங்க" என்பாள், அல்லது "ஏண்டா, இது நாக்கு வறண்டு கெடக்கு, ஒனக்குக் கண்ணு தெரியலயா?" என்பாள். எங்கள் எல்லோர் வீட்டுத் தொட்டியிலும் அக்காவின் விரல் பட்டிருக்கும். கறிவேப்பிலைக் கட்டிலிருந்து கல்யாண வீட்டுப் புடவை வரைக்கும் எதையும் தொட்டுப் பார்த்துத்தான் பேசுவாள். அது அவள் சுபாவம்.

திருச்சி நர்சரி ஒன்றிலிருந்து நான் ஒரு மணி பிளான்ட் வாங்கி வந்தேன். இலையில் பாதிக்கு மேல் வெள்ளை. பச்சை, தெளித்துவிட்டதுபோல அங்கங்கே இருக்கும். கொஞ்சம் நோஞ்சான் செடி. அது வந்த ஞாயிற்றுக்கிழமை நான் சட்டத்தை மீறினேன்.

"எத வேணும்னாலும் எடுங்க. இதுல மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது. தாங்காது."

"பாக்கலாம்" என்றாள் அக்கா.

"சார், லாத்தா காதுல விழுற மாதிரியா இதச் சொல்றது?" என்று பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர்கள் வீட்டில் மூத்த சகோதரியை லாத்தா என்பார்கள். அக்காவை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

அந்தச் சமயத்தில் என் மகன் விடுமுறையில் வந்திருந்தான். தனியாக இருக்கிற அப்பாவுக்குப் பாதுகாப்பு என்று வாசல் கதவுக்கு மேலே ஒரு கேமரா மாட்டினான். வாசலில் ஆள் நடமாடினால் என் போனில் ஒலி வரும். திறந்தால் படம் தெரியும். அவன் போன பிறகு நான் அதைத் திறந்து பார்ப்பதையே மறந்துவிட்டேன்.

ஓய்வூதிய வேலையாக ஒரு நாள் புதுக்கோட்டைக்குப் போயிருந்தேன். திரும்பி வருகிற பஸ்ஸில் போன் ஒலித்தது. திறந்தால் என் வீட்டு வாசல். கேட்டைத் திறந்துகொண்டு அக்கா வருகிறாள். இடது பக்கம் பார்க்கிறாள், வலது பக்கம் பார்க்கிறாள். கதவருகே குனிகிறாள். எதையோ எடுத்து முந்தானைக்குள் செருகிக்கொள்கிறாள். ஒரு நிமிடம் நின்று மூடிய கதவைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரிக்கிறாள். பிறகு விறுவிறு என்று நடந்து போய்விடுகிறாள். கேமரா கோணத்தில் தொட்டி தெரியவில்லை. அவள் வாயைப் பொத்திச் சிரித்ததுகூட முகத்தை மறைத்துக்கொண்டதுபோலத்தான் படத்தில் தெரிந்தது. ஆனால் எனக்குத் தெரியாதா? வெள்ளை இலைச் செடிதான்.

பஸ்ஸிலேயே அந்தப் படத்தைக் குரூப்பில் போட்டேன். அதோடு எழுதியதை அப்படியே தருகிறேன்: 'பட்டப்பகலில் துணிகரம்! ஆள் இல்லாத வீட்டில் பெண் கைவரிசை. இலுப்பூர் மக்களே உஷார்!'

என் வகுப்பில் அப்படி ஒரு பழக்கம் எனக்கு உண்டு. காப்பியடித்த பையனை எழுப்பி நிறுத்தி, பத்திரிகைச் செய்தி வாசிப்பதுபோல அவன் செய்ததை வாசிப்பேன். வகுப்பு முழுக்கச் சிரிக்கும். நின்றவனும் சிரிப்பான். அவன் நிஜமாகச் சிரித்தானா என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. நம்மைக் கேட்டு நாலு பேர் சிரிப்பது பெரிய போதை. ஓய்வு பெற்ற பிறகு அது எனக்குக் கிடைக்கவில்லை. குரூப்பில் கிடைத்தது. பாய் சிரிப்பை அடக்க முடியாமல் குரலைப் பதிவு செய்து அனுப்பினார்: "லாத்தா வசமா மாட்டிக்கிட்டாங்க சார்." மருமகளும் சிரித்து எழுதினாள்: "அத்தைகிட்டக் காட்டல சித்தப்பா. ஞாயித்துக்கெழம எல்லாரும் சேந்து ஓட்டலாம்."

ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் ஒரு விசேஷம் வந்துவிட்டது. மருமகளுடைய தம்பி குழந்தைக்குப் பொன்னமராவதியில் காதுகுத்து. அக்காவும் மருமகளும் போகிற காரில் நானும் போனேன்.

எனக்குத் தெரியாமல் இதற்கிடையில் நடந்தது இதுதான். மருந்துக்கடைக்காரர், அவர்களும் சிரிக்கட்டும் என்று படத்தைக் கடைத்தெருக்காரர்கள் குரூப்பில் போட்டிருக்கிறார். அதில் இருந்த ஒருவர் அதை வேறொரு குரூப்புக்கு அனுப்பியிருக்கிறார். இரண்டு நாளில் அது எங்கெங்கோ போய்விட்டது. எங்கள் நாலு பேரைத் தாண்டியதும் அதில் செடி இல்லை, சிரிப்பு இல்லை, ஞாயிற்றுக்கிழமை இல்லை. ஆள் இல்லாத வீட்டு வாசலில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு எதையோ முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு போகிற ஒரு பெண் மட்டும்தான் இருந்தாள். நான் எழுதியதில் யாரும் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. மாற்ற வேண்டிய தேவையே இருக்கவில்லை.

மண்டபத்தில் மேடைக்கு முன்னால் சீர்த்தட்டுகளைப் பரப்பியிருந்தார்கள். அக்கா சம்பந்தி என்ற முறையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு தட்டில் குழந்தைக்குப் போடுகிற தோடு, வளையல் எல்லாம் இருந்தன. அக்கா குனிந்து தோட்டைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டினாள். பக்கத்திலிருந்த ஒரு அம்மாள் சட்டென்று அந்தத் தட்டை எடுத்து அந்தப் பக்கமாக வைத்தாள். இடம் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து அக்கா நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். அடுத்த நாற்காலியில் இருந்தவள் காலடியில் வைத்திருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பின்வரிசையில் இரண்டு பெண்கள் போனையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அக்கா திரும்பினாள்.

"என்னத்தா அப்புடிப் பாக்குறீங்க? குடுங்க, நானும் பாக்குறேன்."

அவர்கள் தயங்கினார்கள். அவளே வாங்கிப் பார்த்தாள். கண்ணாடி கொண்டு வரவில்லை. போனைத் தள்ளிப் பிடித்து, கிட்டத்தில் பிடித்து, மறுபடியும் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். அடியில் இருந்த எழுத்தை உதடு அசைய வாசித்தாள். வாசித்து முடித்துப் போனைக் கொடுத்துவிட்டு நேராக உட்கார்ந்தாள்.

ஆண்கள் வரிசையில் இருந்து நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மேடையில் மைக் இருந்தது. வாழ்நாளெல்லாம் கூட்டத்துக்கு முன்னால் நின்று பேசியவன் நான். எழுந்து போய், அது என் வீடு, இவள் என் அக்கா, எடுத்தது ஒரு செடிக் கொழுந்து, எழுதிய முட்டாள் நான் என்று சொல்லியிருக்கலாம். டீ ஆறுவதற்குள் முடிந்திருக்கும். நான் எழுந்திருக்கவில்லை. சொன்னால் விஷயம் பெரிதாகும் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். படித்தவன், வயதானவன், இப்படி ஒரு காரியம் செய்தான் என்று அந்த மண்டபம் என்னைப் பார்க்கும், அதற்குத்தான் பயந்தேன்.

அதோடு நின்றிருந்தால்கூட நான் இப்போது வேறு மாதிரி எழுதியிருப்பேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என்னோடு கல்லூரியில் வேலை பார்த்தவர். குழந்தையின் அம்மா வீட்டுச் சொந்தம் என்று வந்திருந்தார். அவர் போனை என் பக்கம் நீட்டி, "இதுல வர்றது அந்த அம்மாவா சார்? ஒங்க ஊருதானே, தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியலையே" என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை, பின்னால் இருந்து அக்காவின் குரல் கேட்டது. "தம்பி, சாப்புட்டியா? கெளம்புவமா?"

எப்போது எழுந்து வந்தாள், எவ்வளவு நேரமாக அங்கே நின்றாள், எனக்குத் தெரியாது. கல்லூரி நண்பர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

காரில் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நீ போட்டதாடா அது?"

"வெளையாட்டுக்குத்தான்க்கா போட்டேன். நம்ம குரூப்புல மட்டும்தான் போட்டேன்."

"ம்."

மருமகள் அழுதுகொண்டே வந்தாள். அவள் அம்மா வீட்டு விசேஷம் அது. அக்கா அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். இலுப்பூர் வரும் வரைக்கும் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அன்று சாயங்காலமே குரூப்பில் விளக்கம் எழுதினேன். நீளமாக, நல்ல தமிழில் எழுதினேன். மருந்துக்கடைக்காரர் அழாத குறையாக அதை எல்லா இடத்துக்கும் அனுப்பினார். அதை யாரும் மேற்கொண்டு யாருக்கும் அனுப்பவில்லை. கேமராவைக் கழற்றினேன். மகன் காரணம் கேட்டான்; பழுதாகிவிட்டது என்றேன்.

பாய்தான் என்னிடம் நேராகப் பேசினார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லாமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"சார், போன்ல எழுதுனாப் போதாது. நீங்க திரும்ப பொன்னமராவதிக்குப் போகணும். அந்த ஆளுகளக் கூட்டி வச்சு வாயால சொல்லணும். வேணும்னா நானும் கூட வாரேன்."

"போவோம் பாய். கொஞ்சம் ஆறட்டும்."

"ஆறுறதுக்கு இது என்ன டீயா சார்?"

போவோம் போவோம் என்று நாளைத் தள்ளினேன். அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் வரவில்லை. முழங்கால் வலி என்று மருமகள் எழுதுவாள். கடைசியில் நாங்கள் நாலு பேரும் அவள் வீட்டுக்கே போவது என்று முடிவு செய்தோம். வாசலில் என்னைப் பார்த்ததும் அக்கா எழுந்து நின்றாள்.

"வாங்க தம்பி. உக்காருங்க."

பிறந்ததிலிருந்து என்னை வாடா என்று மட்டுமே கூப்பிட்டவள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு அறை விட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அந்த 'வாங்க' என்னை எங்கேயோ தூரத்தில் கொண்டு போய் உட்கார வைத்துவிட்டது.

எல்லோரும் சிரமப்பட்டுச் செடிகளைப் பற்றிப் பேசினோம். அக்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேச்சு ஓய்ந்ததும் அவள் டீ போட எழுந்திருப்பாள், மறுபடியும் ஆரம்பித்துவிடலாம் என்று காத்திருந்தோம். அவள் எழுந்திருக்கவில்லை. பக்கத்து மேஜையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தாள். டீயை முன்பே போட்டு வைத்திருந்தாள். எங்கள் ஒவ்வொருவருக்கும் அவளே ஊற்றிக் கொடுத்தாள். பாய் டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு வெகுநேரம் குடிக்காமல் இருந்தார். அன்றோடு எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் முடிந்தன. குரூப் மட்டும் இருக்கிறது. யாரும் எதுவும் எழுதுவதில்லை.

அதற்குப் பிறகு என் செடிகளைப் பார்த்து யாரும் எதுவும் சொல்லவில்லை. வருத்தமாக இருக்கிறபோதெல்லாம் தண்ணீர் ஊற்றினேன். வெள்ளை இலைச் செடி அடியில் அழுகிப் போயிற்று. தொட்டியைக் கவிழ்த்தபோது மண் சேறாக இருந்தது.

ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு காலையில் மருமகள் போன் செய்தாள். அக்கா தூக்கத்திலேயே போய்விட்டாள்.

பிறந்த வீட்டுக் கோடி போட நான் ஒருவன்தான் இருந்தேன். கடைத்தெருவில் கடை திறக்கச் சொல்லி ஒரு புடவை எடுத்துக்கொண்டு போனேன். வாசல் பந்தலில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. காரியம் செய்விக்கிறவர் கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்: "அம்மாவுக்குக் கூடப் பொறந்தவங்க யாரு? முன்னால வாங்க."

"நான்தான்" என்றேன். பொன்னமராவதிக்காரர்கள் எல்லோரும் அங்கே நின்றிருந்தார்கள். இப்போது என்னால் சொல்ல முடிந்தது.

பதினாறாம் நாள் காரியமும் முடிந்து, அக்கா மகன் குவைத்துக்குத் திரும்பிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போனேன். மருமகள் தனியாக இருந்தாள். அக்காவின் அறையைக் காட்டினாள். ஜன்னலில், மண்தொட்டியில், குச்சி நட்டுச் சணல் கட்டி, அந்த வெள்ளை இலைச் செடி நின்றது. என் வீட்டில் இருந்ததைவிட இரண்டு மடங்கு உயரம். இலைகளை யாரோ துணியால் துடைத்து வைத்திருந்தார்கள்.

"ஒங்களுக்குன்னுதான் எடுத்தாங்களாம் சித்தப்பா. 'அவன் தண்ணிய ஊத்தி ஊத்தியே அதக் கொன்னுருவான், அன்னைக்கு இதக் கொண்டு போயி வச்சு அவன் மூஞ்சியப் பாக்கணும்'னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. அது எடுத்துக்கிட்டு வந்த அன்னைக்கி." செடியின் சணல் முடிச்சை இறுக்கிவிட்டாள். "அதுக்கப்புறம் தண்ணி மட்டும் ஊத்துவாங்க. ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

நான் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"வெளிய போறதையே விட்டுட்டாங்க சித்தப்பா. தப்பித் தவறி யாரு வீட்டுக்காச்சும் போனா, வாசல்லயே முந்தானைய இழுத்து இடுப்புல செருகிக்கிட்டுத்தான் உள்ள போவாங்க. கைய முன்னாலயே வச்சுக்குவாங்க. ஏன்த்தைன்னு கேட்டா, சும்மாதாம்பாங்க."

நான் ஒரு நாள் பொன்னமராவதிக்கு வந்து உங்கள் ஆட்களிடம் எல்லாவற்றையும் சொல்கிறேன் என்றேன்.

"இப்பப் போயி என்னத்துக்கு சித்தப்பா? கேக்க வேண்டியவங்களே போயிட்டாங்க." கோபமாகச் சொல்லவில்லை. சலித்த குரலில் சொன்னாள். பிறகு ஏதோ நினைவு வந்ததுபோல, "ஒங்களப் பத்தி ஒரு வார்த்த கொறையாப் பேசுனதில்ல அத்த. ஒரே ஒரு தடவ மட்டும், நான் ஒங்களுக்குப் போன் போடவான்னு கேட்டதுக்கு, 'வேணாம், அவனுக்கு என்னத் தெரியலையாம்'னு சொன்னாங்க. எனக்கு அது என்னன்னே புரியல. ஒங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?" என்றாள்.

நான் தலையை ஆட்டினேன். தெரியும் என்று ஆட்டினேனா, தெரியாது என்று ஆட்டினேனா, அவளுக்கு விளங்கியிருக்காது. நான் விளங்கும்படி ஆட்டவும் இல்லை.

மருமகள் என் முகத்தைப் பார்த்தாள். செடியைப் பார்த்தாள். எழுந்தாள்.

"டீ போட்டுட்டு வாரேன் சித்தப்பா" என்றாள், கொஞ்சம் சத்தமாக.

அடுப்பு பற்ற வைக்கிற சத்தம் கேட்டது. நானும் செடியும் மட்டும் அறையில் இருந்தோம். ஜன்னல் பக்கம் நீண்டிருந்த கொடியில் ஒரு கணுவுக்குக் கீழே சின்னதாக வேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கிள்ளினால் கட்டாயம் பிடிக்கும். என் கை மடியிலேயே இருந்தது.

டீயோடு வந்தவள் செடியை ஒரு பார்வை பார்த்தாள். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, "சர்க்கர கம்மியா இருக்கும், கொண்டாரேன்" என்று மறுபடியும் உள்ளே போனாள். குடித்துப் பார்த்தேன். சர்க்கரை சரியாக இருந்தது. அவள் சமையலறையில் பாத்திரங்களை இடம் மாற்றி வைத்துக்கொண்டே இருந்தாள்.

என்னால் முடியவில்லை. எழுந்து போய் மண்ணில் விரலை மட்டும் விட்டுப் பார்த்தேன்.

"இன்னும் ஈரம் இருக்கும்மா. நாளைக்கு ஊத்துனாப் போதும்" என்றேன், அவள் திரும்பி வந்தபோது.

"சரி சித்தப்பா. அடுத்த ஞாயித்துக்கெழம வாங்க. டீ போடுறேன்."

நான் போகவில்லை. அவள் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. நேரில் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை என்பது எனக்குத் தெரியும். மண்டபத்தில் எழுந்து நிற்காதவன் வீட்டுக்குள் மட்டும் எப்படிச் சொல்வான்? அதனால் எழுதுகிறேன். இது அச்சில் வந்ததும் முதலில் அவள் படிக்க வேண்டும். அவள் அத்தை சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரிந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போவேன். அப்போதும் அவள் டீ போட எழுந்து உள்ளே போகிறாளா என்று பார்க்க வேண்டும்.